ஷாஹீதாவின் மொட்டை எலிகள்

மஹபூப் பாஷா உத்திரமேரூர் பஜாரில் எலிப்பொறி விற்றார். அவர் மகள் ஷாஹீதா சென்னையில் எலி வளர்த்தாள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்துச் சிரிக்காதவர்கள் ஊரில் குறைவு. மம்மட்டி வாங்க வருகிறவர்கூட, "இன்னா பாய், பொண்ணு வளக்கறத நீ புடிச்சிக் கொல்றியாமே?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவார். பாஷாவுக்கு அதில் வருத்தமே கிடையாது. மகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், ஆணி நிறுத்துக்கொண்டிருந்த தராசை அந்தரத்தில் விட்டுவிட்டு ஆரம்பித்துவிடுவார்.

"அது சாதா எலி இல்ல நைனா. உள்ள மனுஷ சமாசாரம் வெச்ச எலி!"

அந்த மனுஷ சமாசாரம் என்னவென்று ஷாஹீதா அவருக்கு ஒருமுறை பொறுமையாகச் சொல்லியிருந்தாள். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்கிச் சுடுகிறதல்லவா? அந்த வீக்கத்தை உண்டாக்க உடம்பு சில நொதிகளைச் சுரக்கிறது. அவற்றில் ஒன்றைத் தயாரிக்கும் மனித மரபணுவை எடுத்து, வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் சுண்டெலிக் கருவுக்குள் சேர்த்துவிட்டார்கள். அந்த எலிகளின் பேரப்பிள்ளைகள் நாலு ஜோடி விமானமேறிச் சென்னைக்கு வந்தன. அந்த வகைச் சுண்டெலிக்குச் சொந்தமாக அந்த நொதி கிடையாது. அதற்குரிய மரபணு எந்தக் காலத்திலோ பழுதாகிவிட்டது. ஆகவே அதன் உடம்பில் எந்த மூலையில் அந்த நொதி தென்பட்டாலும் அது மனிதருடையதுதான். எந்தெந்த மூலையில் என்று தேடிக் கண்டுபிடிப்பதுதான் ஷாஹீதாவின் முனைவர் பட்ட ஆராய்ச்சி.

பாஷா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "அதாவது, புதுசா குடிவந்தவன் எந்த ரூம்ல கீறான்னு பாக்கற."

"அதேதான்பா."

இவ்வளவு அழகாகப் புரிந்துகொண்ட மனிதர், கடைக்கு வந்து உட்கார்ந்ததும் அதை "மனுஷ ரத்தம்" என்று சுருக்கிவிட்டார். சுருக்கமாகச் சொன்னால்தானே வாடிக்கையாளர் நின்று கேட்பார்.

சென்னையில் ஷாஹீதாவின் வேலை வேறு மாதிரிச் சிக்கலில் இருந்தது. ஈரலையும் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, அந்த மனித நொதியை மட்டும் தேடிப் பிடிக்கும் ஒரு திரவத்தை அவற்றின்மேல் விட வேண்டும். நொதி இருக்கிற இடம் மைக்ராஸ்கோப்பில் பழுப்பாகத் தெரியும். ஈரலில் தெரிந்தது. நுரையீரலில் கொஞ்சம் தெரிந்தது. அதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் 1998 தீபாவளி சமயத்திலிருந்து எலிகளுக்கு முடி கொட்டத் தொடங்கிவிட்டது.

பிறந்து இரண்டு மாதம் வரை கறுகறுவென்று வெல்வெட்டுத் துணிபோல இருக்கும். பிறகு முதுகில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் தெரியும். அது விரிந்துகொண்டே போய், நாலாவது மாதத்தில் எலி ஏதோ வேண்டுதல் முடித்துவிட்டு வந்ததுபோல உட்கார்ந்திருக்கும்.

அவளுடைய வழிகாட்டி டாக்டர் சின்னராசு கெட்டவரல்ல. ஆனால் எந்தப் பிரச்சினைக்கும் முதல் ஐந்து நொடியில் ஒரு காரணம் சொல்லிவிடுவார்; அதற்குப் பிறகு அதை மாற்றிக்கொள்ள மாட்டார். மொட்டை எலியைப் பார்த்த ஐந்தாவது நொடியில் அவர் சொன்னார்: "சொறிப் பூச்சி. கூண்டைச் சரியாக் கழுவறதில்லை."

கூண்டு கழுவும் இருசப்பன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இருபது வருடமாக அந்த எலிக்கூடத்தைக் கோயில்போல வைத்திருந்தவர். ஷாஹீதா எலிகளின் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். பூச்சி இல்லை. "அது ஆழத்துல ஒளிஞ்சிருக்கும்மா," என்றார் சின்னராசு. சொறிக்கு மருந்து போட்டார்கள். எலிகள் மருந்து வாசனையோடு மேலும் மொட்டையாயின. மனித மரபணு உள்ள குட்டிகளையும் இல்லாத குட்டிகளையும் பால் மறந்ததுமே பிரித்துத் தனித்தனி அறையில் வைப்பது வழக்கம். இல்லாதவற்றுக்கு முடி கொட்டவில்லை. "பாத்தியா, அந்த ரூம் சுத்தமா இருக்கு," என்றார் சின்னராசு. இருசப்பன் இரண்டு அறைகளையும் ஒரே துடைப்பத்தால்தான் பெருக்கினார் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஜனவரியில் அவர் தீர்ப்பு சொல்லிவிட்டார். "மாசக் கடைசிக்குள்ள சரியாகலைன்னா அந்த ரூமையே காலி பண்ணிடலாம். மத்த எலிக்கும் பரவினா என் தலைதான் உருளும்."

ஷாஹீதா அன்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கடைக்குப் போன் செய்தாள். அழவில்லை என்று காட்டிக்கொள்ளத் தொண்டையைச் செருமிக்கொண்டே பேசினாள்.

"என் எலிக்கெல்லாம் முடி கொட்டுதுப்பா."

எதிர்முனையில் பாஷா தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பாஷாவுக்கு முப்பது வயதிலேயே தலை வழுக்கையாகிவிட்டது. தொப்பி இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் வீட்டுக்காரர்கள் மட்டும்தான்.

"கொட்னா கொட்டிட்டுப் போவுது, கண்ணு. நான் இல்லியா? மனுஷ ரத்தம் ஓடுதுல்ல, அதான்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நேரம் கடையில் கடப்பாரை பார்த்துக்கொண்டிருந்தவர் பெருநகர் என்ற பக்கத்துக் கிராமத்துக்காரர். அவர் காதிலும் அது விழுந்தது.

ரம்ஜான் பண்டிகை அந்த வருடம் பொங்கலை ஒட்டியே வந்தது. பெருநாளைக்கு முந்தின நாள் ஷாஹீதா செங்கல்பட்டு வழி பஸ்ஸில் வந்து இறங்கியபோது, பஸ் நிலையத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் அவளுடைய பையை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"உள்ள எலி எதுனா கீதாம்மா?"

"இல்லையே. ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்," என்று சொல்லிவிட்டு அவள் பூக்கூடையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

வீட்டில் ஷாஹீதாவின் அம்மா, அவள் அம்மி என்று கூப்பிடும் சாய்ராதான், விஷயத்தைச் சொன்னாள். சேமியாவுக்கு முந்திரி வறுத்துக்கொண்டே, பாதி சிரிப்பும் பாதிக் கோபமுமாகச் சொன்னாள். பெருநகரில் ஆண்டாளம்மாள் என்று ஓர் அம்மா, ஆறு ஏக்கர் சம்பா நெல். அறுவடைக்கு முன்னால் வயலில் எலி பிடிக்க இருளர் பழங்குடிக்காரர்களைக் கூப்பிட்டிருந்தாள். வளையைத் தோண்டினால் முதலில் வந்தது முதுகில் முடியே இல்லாத எலி. கடையில் பாஷா போனில் பேசியது ஏற்கெனவே பெருநகருக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. இரண்டும் இரண்டும் நாலு என்று முடிவுகட்ட ஆண்டாளம்மாளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. பாய் மகளுடைய எலி தப்பித்து அவள் ஊர்ப் பக்கம் தேடி வந்துவிட்டது. அதற்குள் மனித ரத்தம் ஓடுகிறது. அதை அடித்தால் கொலைப் பாவம், அது தின்ற நெல்லைத் தின்றால் அதைவிடப் பாவம். எலி பிடிக்கும் வேலையையே நிறுத்திவிட்டாள். ஆறு நாளாக அவள் வயலில் எலிகள் அரசாங்க விருந்தாளிகள்போல நெல் தின்றுகொண்டிருந்தன.

"உங்க அப்பாவால வந்த வினை," என்றாள் சாய்ரா.

பாஷா அன்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நோன்பு முறிந்துவிடும் என்பதுபோல இருந்தார்.

பெருநாள் முடிந்த மறுநாள் காலை, பாஷா டி.வி.எஸ். ஐம்பதை மிதித்துக் கிளப்ப, ஷாஹீதா பின்னால் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் அவர் வண்டிச் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டே வந்தார்.

"நீ படிச்சவ, எடுத்துச் சொன்னா கேப்பாங்க! நான் ஒண்ணும் தப்பா சொல்லல! ரத்தம்னு ஒரு வார்த்தை சேத்துட்டேன், அவ்ளோதான்!"

ஆண்டாளம்மாள் களத்துமேட்டில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தாள். வயது அறுபதுக்கு மேல். குரலுக்கு மட்டும் இருபது. வரப்பில் மரியாதையான தூரத்தில், அவள் எலி பிடிக்கக் கூப்பிட்டிருந்த இருளர்கள் காசியும் அவன் மனைவி முனியம்மாளும் குந்தியிருந்தார்கள். காசி கடப்பாரையை மடியில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தான். முனியம்மாள் நேராக ஷாஹீதாவைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னா ஷாஹீதா, தெரிலியா? நாலாங் கிளாஸ். உன் சிலேட்ட ஒடச்சவ."

ஷாஹீதாவுக்குத் தெரிந்தது. உத்திரமேரூர்ப் பள்ளியில் கடைசி பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த முனியம்மா. ஐந்தாம் வகுப்பில் பெஞ்சு காலியாக இருந்தது. கரும்பு வெட்டப் போய்விட்டார்கள் என்று டீச்சர் சொன்னார். இப்போது பெருநகர் ஏரிக்கரைக் குடியிருப்பில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

"அந்தச் சிலேட்டுக்கு எங்கம்மி என்னைத்தான் அடிச்சாங்க, தெரியுமா?"

"தெரியும். அதான் இவ்ளோ நாளா உன் கண்ணுல படல."

"பழசெல்லாம் அப்பறம் பேசுங்க," என்றாள் ஆண்டாளம்மாள். "இந்தாம்மா, படிச்ச பொண்ணு. உன் எலிய வந்து இட்டுக்கினு போ."

"அம்மா, என்னோடது இத்தனூண்டு சுண்டெலி. கட்டைவிரல் அளவு. கறுப்பு. உங்க வயல்ல இருக்கறது பெரிய வயல் எலி."

"மனுச ரத்தம் கலந்தா வளராதா?"

"ரத்தமே கலக்கலம்மா."

"உங்க அப்பாதான சொன்னாரு!"

பாஷா தொப்பியைச் சரிசெய்தார். ஆண்டாளம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததால் இன்னொருமுறை சரிசெய்தார்.

"அது வந்து... கடையில ஆளு நின்னாங்க... ஒரு பேச்சுக்கு..."

"ஒரு பேச்சுக்கு என் ஆறு ஏக்கரும் எலி வாயில போயிக்கினு கீது, பாய்!"

"என் எலிகள் ஒண்ணுகூட வெளியே வரலம்மா," என்றாள் ஷாஹீதா. "தினம் சாயங்காலம் எண்ணிப் பாத்துட்டுத்தான் பூட்டறோம். நாப்பத்து மூணு. ஊருக்குக் கிளம்பறப்பவும் நாப்பத்து மூணுதான்."

ஆண்டாளம்மாள் முகவாயில் கைவைத்தாள். "எலிய எண்றதுக்கா உன்ன எம்.எஸ்.சி. படிக்க வெச்சாரு?"

காசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடப்பாரையால் வாயை மறைத்துக்கொண்டான். முனியம்மாள் எழுந்து போய், வேப்பமரத்தடியிலிருந்து, அன்று வளையில் பிடிபட்ட எலியைக் கொல்லாமல் அடைத்துவைத்திருந்த, வாய் கட்டிய மண்சட்டியை எடுத்துவந்தாள். துணியை விலக்கிக் கையை விட்டு, ஒரே பிடியில் எலியின் பிடரியைப் பிடித்து வெளியே எடுத்தாள். ஆண்டாளம்மாள் கட்டிலின் மேல் காலைத் தூக்கிக்கொண்டாள்.

"எட்டு நாளா நானும் சொல்லிக்கினு கீறேன், இந்த அம்மா காதுல வாங்கல," என்றாள் முனியம்மாள். "இது சொறி. வருசத்துக்குப் பத்து எலி இந்த மாதிரி வரும். மனுசனாவது, மாயமாவது! ந்தா பாரு."

அவள் எலியைத் திருப்பிக் காட்டினாள். ஷாஹீதா குனிந்து பார்த்தாள். காது மடலின் ஓரமெல்லாம் தவிட்டு நிறத்தில் பொருக்குத் தட்டியிருந்தது. மூக்கு நுனியிலும் அப்படித்தான். வாலில் முண்டுமுண்டாக இருந்தது. பிடியிலிருந்த நிலையிலும் எலி பின்னங்காலால் தன் விலாவைப் பிறாண்டிக்கொண்டே இருந்தது. முதுகு முழுக்க நகக்கீறல்.

"சொறி வந்தா மொதல்ல காது போவும். அப்பறம் மூக்கு, வாலு. அரிப்பு தாங்காம அதுவே பிச்சிக்கினு முதுவ மொட்டையாக்கிக்கும். தூங்கவே தூங்காது சனியன்."

"எப்பவும் காதுதான் முதல்லயா?"

"இன்னாத்துக்கு இவ்ளோ ஆசையா கேக்கற? கண்ணாலத்துக்குப் பாக்கற மாதிரி!"

"சொல்லேன் முனியம்மா. காது நல்லா இருந்து, அரிப்பும் இல்லாம, முதுகு மட்டும் மொட்டையாகுமா?"

முனியம்மாள் கொஞ்சம் யோசித்தாள். காசியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"பொறந்ததுலேந்து எலி புடிக்கறேன். அந்த மாதிரி ஒண்ண நான் பாக்கல. இருந்தா அது சொறி இல்ல, வேற எதுனாவா இருக்கும். உன் எலி அப்பிடியா கீது?"

ஷாஹீதாவின் எலிகளுக்குக் காது ரோஜா இதழ்போல இருந்தது. அவை சொறிந்துகொள்ளவே இல்லை. மொட்டை முதுகோடு ஒன்றின்மேல் ஒன்று படுத்துப் பகலெல்லாம் சுகமாகத் தூங்கின. இதை மூன்று மாதமாக அவள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சொறி என்று சின்னராசு சொன்ன பிறகு, சொறியைத் தேடினாளே தவிர எலியைப் பார்க்கவில்லை. நினைக்க வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று பின்னாலேயே வந்தது. எலியைத் திறக்கும்போது முதலில் தோலைத்தான் உரித்துக் குப்பைப் பையில் போடுவாள். ஈரல், நுரையீரல், சிறுநீரகம், மண்ணீரல் என்று பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் சீவிப் பார்த்தாள். தோல் பட்டியலிலேயே இல்லை. குடிவந்தவனை வீடெல்லாம் தேடியவள், வாசலில் பார்க்காமல் விட்டுவிட்டாள்.

"ஏ, இன்னா, பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" என்றாள் முனியம்மாள்.

"ஒண்ணும் இல்ல. நான் ஒரு முட்டாள்."

"அது நாலாங் கிளாஸ்லயே தெரியும். இந்த அம்மாகிட்ட இப்ப இன்னா சொல்லப் போற?"

ஆண்டாளம்மாளைச் சமாதானப்படுத்தியது அறிவியல் இல்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த ரத்தப் பேச்சை எடுத்தவரே அதைத் திரும்பப் பெற வேண்டும். ஆகவே மஹபூப் பாஷா களத்துமேட்டில் நின்று, ஆண்டாளம்மாளும் காசியும் முனியம்மாளும் இரண்டு எருமைகளும் கேட்க, "என் மக எலியில மனுஷ ரத்தம் கெடையாது, இந்த வயல் எலிக்கும் என் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கெடையாது," என்று சொன்னார். சொல்லி முடித்ததும், "இப்ப சரியா?" என்று கேட்டார்.

"சரி," என்றாள் ஆண்டாளம்மாள். "மோரு குடிக்கிறீங்களா?"

அன்று மத்தியானமே காசியும் முனியம்மாளும் வளைகளில் புகை போட்டார்கள். எலிகளும் வந்தன, வளைக்குள் அவை சேர்த்துவைத்திருந்த நெல்லும் மூட்டையாக வந்தது. வழக்கப்படி அந்த நெல் பிடித்தவர்களுக்குத்தான். எட்டு நாள் விருந்துச் சாப்பாட்டில் எலிகள் கொழுத்திருந்தன என்று காசி பிறகு பாஷாவிடம் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் குறை எதுவும் இல்லை.

ஷாஹீதா மறுநாள் முதல் பஸ்ஸில் சென்னைக்குப் போய்விட்டாள்.

டாக்டர் சின்னராசு அவள் சொன்னதை முழுதாகக் கேட்டார். ஐந்து நொடி ஆனது.

"காதுல பொருக்கு இல்லைன்னா சொறி இல்லைன்னு எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"புத்தகம் இல்ல சார். பெருநகர்ல முனியம்மான்னு..."

"யாரும்மா அது? வெட்டரினரியா?"

"எலி பிடிக்கிறவங்க சார். நம்ம ரெண்டு பேரும் பாத்த எலியைவிட அவங்க பாத்தது பத்து மடங்கு அதிகம்."

சின்னராசு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபித்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க அவருக்கு அது தேவைப்பட்டது. கடைசியில், "இன்னும் ரெண்டு மாசம். அதுக்கு மேல கேக்காதே," என்றார்.

ஷாஹீதா இரண்டு வேலைகளைத் தொடங்கினாள். முதலில், மனித மரபணு இல்லாத குட்டிகள் ஆறை எடுத்து மொட்டை எலிகளின் கூண்டிலேயே விட்டாள். பூச்சி இருந்தால் தொற்றட்டும். இருசப்பன் இதைத் தன் மானப்பிரச்சினையாக எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் வந்து முதல் காரியமாக அந்த ஆறையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, வெளிச்சத்தில் முதுகை ஊதிப் பார்ப்பார். "ஒரு மயிர்கூடக் கொட்டலம்மா!" என்று நடைபாதையில் நின்று அறிவிப்பார். அந்த அறிவிப்பு டாக்டர் சின்னராசுவின் அறைக்கு நேர் எதிரில் நிகழ்ந்தது தற்செயல் என்று சொல்ல முடியாது. அவர் அறைக்குள்ளிருந்து சின்னச் செருமல் மட்டும் கேட்கும்.

இரண்டாவது வேலை தோல். அது அவ்வளவு சுலபமாக மசியவில்லை. ஈரலைச் சீவிப் பழகிய கைக்குத் தோல் வழுக்கியது, மெழுகில் சுருண்டுகொண்டது, சீவல்கள் கிழிந்தன. மூன்று வாரம் அவள் எடுத்த எதுவும் கண்ணாடியில் நிற்கவில்லை. நாலாவது வாரம் ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு, ஒரு சீவல் முழுதாக நின்றது. திரவத்தை விட்டாள், காத்திருந்தாள், கழுவினாள். மைக்ராஸ்கோப்பில் வைத்தாள்.

தோல் தடித்திருந்தது, இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு. முடிவேர்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பைகளாக வீங்கியிருந்தன. அந்தப் பைகளைச் சுற்றி, வேர்களின் உறையைச் சுற்றி, காப்பி சிந்தினாற்போலப் பழுப்பு. ஒரு வேரில் இல்லை, இரண்டில் இல்லை. கண்ணுக்கு எட்டிய வேரிலெல்லாம். பக்கத்துக் கண்ணாடியில் மனித மரபணு இல்லாத எலியின் தோலை வைத்துப் பார்த்தாள். மெல்லிய, சாதுவான தோல். பழுப்பு ஒரு புள்ளிகூட இல்லை.

அவள் நாற்காலியிலிருந்து எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அறையில் இருசப்பன் மட்டும் இருந்தார். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க வந்து பாருங்க. கூண்டு அழுக்கால இல்லண்ணே. இதுதான்."

இருசப்பன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்ததோ, அவர் சொன்னது இதுதான்: "இத பெருசா ஒரு போட்டோ எடும்மா. சார் ரூம் கதவுல ஒட்டலாம்."

ஒட்டவில்லை. அதற்கு அவசியமும் இல்லாமல் போயிற்று. டாக்டர் சின்னராசு வந்து குனிந்து பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. நிமிர்ந்தார்.

"நான் ஆரம்பத்துலயே நினைச்சேன்," என்றார்.

ஷாஹீதா, "ஆமா சார்," என்றாள். அவள் குரலில் இருந்ததைக் கவனிக்க அவருக்கு அப்போது நேரமில்லை. இருசப்பனிடம் போய், எலிக்கூடத்துக்குப் புதுத் துடைப்பம் வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்பதற்கு அவருக்குத் தெரிந்த வழி அது. இருசப்பன் பழைய துடைப்பமே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

கட்டுரை அச்சில் வர அடுத்த வருடம் ஆகிவிட்டது. மனித நொதி அந்தச் சுண்டெலிகளின் ஈரலில் இருக்கிறது, நுரையீரலில் இருக்கிறது, எல்லாவற்றையும்விட அதிகமாகத் தோலின் முடிவேர்களில் இருக்கிறது என்று படங்களோடு பத்துப் பக்கம். கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில் இருசப்பன் பெயரும் முனியம்மாள் பெயரும் வர வேண்டும் என்று ஷாஹீதா பிடிவாதம் பிடித்தாள். முனியம்மாளுக்கு எந்த நிறுவனம் என்று பத்திரிகையிலிருந்து கேட்டு எழுதினார்கள். "பெருநகர்" என்று பதில் போட்டாள். அதை ஏதோ பல்கலைக்கழகம் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ, மறுபேச்சு இல்லாமல் அச்சடித்துவிட்டார்கள்.

அந்தப் பிரதியை எடுத்துக்கொண்டு அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெருநகர் ஏரிக்கரைக்குப் போனாள். முனியம்மாள் குடிசைக்கு முன்னால் விறகு பிளந்துகொண்டிருந்தாள். கோடரியைச் சாய்த்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, படம் இருந்த பக்கத்தை வாங்கிப் பார்த்தாள்.

"எது எலி?"

"இது எலித் தோல். ரொம்பப் பெருசாக்கிக் காட்டியிருக்கு."

"மனுசன் எங்க?"

ஷாஹீதா பழுப்பு வளையங்களைத் தொட்டுக் காட்டினாள். முனியம்மாள் தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள், தள்ளிவைத்துப் பார்த்தாள்.

"இவ்ளோதானா? இதுக்கா அந்தம்மா எட்டு நாளு வேலய நிறுத்திச்சி?"

"இவ்ளோதான்."

"எலிக்கு மயிரக் கொட்ட வெக்கறதத் தவிர வேற ஒண்ணும் செய்யலியா நம்ம சமாசாரம்?"

"இன்னும் தேடிக்கிட்டு இருக்கோம்."

கடைசிப் பக்கத்தைத் திருப்பி, முனியம்மாள் பெயர் இருந்த வரியில் விரலை வைத்தாள் ஷாஹீதா. முனியம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் அந்த வரியை ஒவ்வோர் எழுத்தாக, எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இன்னான்னு எழுதிக்கீற?"

"பெருநகர் முனியம்மாளுடன் நடந்த பயனுள்ள விவாதத்துக்கு நன்றின்னு."

"விவாதமா? நான் உன்ன முட்டாள்னு சொன்னேன். அத எழுதினியா?"

"அத இடம் இல்லாம விட்டுட்டேன்."

முனியம்மாள் சத்தமாகச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகும் தாளைத் திருப்பித் தரவில்லை. மடிக்காமல், இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் ஷாஹீதா, இத தாலுகா ஆபீஸ்ல காட்டலாமா?"

"எதுக்கு?"

"எங்க பொண்ணு இந்து ஆறாவது போவுது. சாதி சர்ட்டிபிகேட் கேக்கறாங்க. எங்கள்ல யாருகிட்டயும் பேரு போட்ட காயிதம் ஒண்ணும் கெடையாது. இதுல என் பேரு அச்சுல கீதே. எலி புடிக்கற இருளருன்னு போட்டுக்கீதா?"

ஷாஹீதா சிரிக்க வாயெடுத்தாள். முனியம்மாள் கேலி பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பத்துப் பக்கக் கட்டுரை, பன்னிரண்டு வண்ணப் படங்கள், நாலு வருட உழைப்பு. அதில் இந்தக் காரியத்துக்குப் பயன்படும் வார்த்தை ஒன்றுகூட இல்லை.

"இது உதவாது முனியம்மா," என்றாள். "ஆனா மனு எழுதிக்கிட்டு ரெண்டு பேருமா போலாம். நாளைக்கு லீவு சொல்லிட்டு இங்கயே இருக்கேன்."

"நாளைக்கா? உன் எலிங்கள யாரு எண்ணுவா?"

"இருசப்பன் அண்ணன் எண்ணுவாரு."

முனியம்மாள் உள்ளே போய், மகள் இந்துவின் நோட்டுப் புத்தகத்திலிருந்து நடுப்பக்கத்தைக் கிழிக்காமல் கவனமாகப் பின்னைக் கழற்றி எடுத்துவந்தாள். விறகுக் கட்டை ஒன்றை உருட்டிப் போட்டு, அதைத் தட்டிவிட்டு உட்காரச் சொன்னாள். ஷாஹீதா பேனாவைத் திறந்தாள்.

"தமிள்லயே எழுது," என்றாள் முனியம்மாள். "அந்தப் பொஸ்தகத்துல எழுதன மாதிரி ஒருத்தருக்கும் புரியாம எழுதி வெக்காத. அப்பறம் அதுக்கும் ஒரு வருசம் ஆயிடும்."